பதின்மூன்று புள்ளி எட்டு

புதுவயலில் ராத்திரி ஏழு மணிக்கு
ஹல்லர்கள் ஓடத் தொடங்கும்.
என் அறைக் குழல்விளக்கு
இரண்டு தடவை கண்ணடித்துவிட்டுச் சோர்ந்துபோகும்.
மீட்டரில் நூற்று எழுபத்தெட்டு.
பகலெல்லாம் அந்த மில்லின் கணக்கை எழுதுகிறவள் நான்.
ராத்திரியானால் அதே மில்லோடு வழக்கு.

போர்ட் பிளேரிலிருந்து ஜெயசீலி சொன்னாள்:
"ஆள் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை.
பின்னால் என்ன இரைச்சல்,
அரிசி மில்லுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி?"
நான் பதில் சொல்லவில்லை.
காரைக்குடிப் பக்கம் என்று மட்டும்தான்
அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பவர் சப்ளையைத் திறந்தேன்.
டிரான்ஸ்பார்மர்மேல் பழுதில்லை.
முனீஸ்வரன் கோயில் தெருவில்
பீங்கான் ஜாடிக்கும் கால் உடைந்த மேஜைக்கும் நடுவே கிடந்ததை
அடைக்கலம் நிறுத்து விற்றார். ஒன்பது கிலோ.
என்ன சாமான் என்று அவருக்குத் தெரியாது.
"செம்பு நிறைய இருக்கும், கொண்டுபோங்க."

கெப்பாசிட்டர்தான் ஆள்.
தலை பணியாரமாய் உப்பியிருந்தது.
அலை இறங்குகையில் கைமாற்று கொடுப்பதும்
ஏறுகையில் வட்டியில்லாமல் வாங்கிக்கொள்வதும் அதன் தொழில்,
நொடிக்கு நூறு தடவை.
திவாலாகி எத்தனை மாதமோ.
கேட்டு வந்த பள்ளங்களெல்லாம்
வெறுங்கையோடு திரும்பி
என் குரலுக்குள் போய்க் குடியிருந்திருக்கின்றன.

அப்புறம் ஒயர்.
சப்ளையின் வாசலில் பதின்மூன்று புள்ளி எட்டு.
மைக்கை அழுத்தினால் இருபது ஆம்பியர்,
ரேடியோவின் வாசலில்
பதினொன்று புள்ளி ஆறு.
இரண்டு மீட்டர் நடந்து வர
இரண்டு வோல்ட்டுக்கு மேல் தரகு!
எந்த ஊர் நியாயம்?
தொட்டுப் பார்த்தேன். சுட்டது.
தின்றது செரிக்கவில்லை அதற்கு.

சுண்டுவிரல் தடிமனில் செம்புக் கம்பி வாங்கினேன்.
பிளஸ்ஸில் ஒரு ஃபியூஸ், மைனஸில் ஒரு ஃபியூஸ்.
புது கெப்பாசிட்டர் மூன்று.
ஹீட் சிங்க்கை ஆத்தங்குடிக் கல்மேல் நிறுத்தினேன்,
தரையில் அச்சடித்த பூக்களுக்கு நடுவே
அது ஒரு கறுப்பு முள்ளம்பன்றி.

திங்கட்கிழமை ஏழு மணி.
ஹல்லர் ஓடியது.
இரைச்சல் வந்தது.

நூற்று எழுபத்தெட்டில்
ரெகுலேட்டர் என்னதான் செய்யும், பாவம்.
பதின்மூன்று புள்ளி எட்டு கொடுக்க
அதன் கையில் மூன்று வோல்ட்டாவது கூடுதலாய் இருக்க வேண்டும்.
முதலே குறைந்தால் பட்டுவாடா ஏது?
இதைக் கண்டுபிடிக்க
ஐந்தொகை போடத் தெரிந்த எனக்கு
ஒரு வாரம் ஆனது.

மில் டிராக்டரின் மாற்று பேட்டரியை
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்து வந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே, தகரத்தின் நிழலில்,
மூச்சுவிடக் காற்றோடு வைத்தேன்.
பகலில் வரவு. ராத்திரியில் செலவு.
ஏழடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில்
சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.
ஊர் மின்சாரம் அதன் பாட்டுக்கு ஆடட்டும்.
பேசும்போது பன்னிரண்டரை. அதற்குக் கீழே முள் இறங்கவில்லை.

"யாரது?" என்றாள் ஜெயசீலி.
அழைப்புக்குறியைச் சொன்னேன். இன்னொரு தடவை சொன்னேன்.
"இரைச்சலே இல்லையே. பக்கத்து நாற்காலியில் இருக்கிற மாதிரி...
ஆனால் ஏன் இப்படிக் கத்துகிறீர்கள்?"

பத்து வருஷம்
மோட்டார்களுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.
அதற்கு எத்தனை மைக்ரோஃபாரட் வேண்டுமோ.
கொஞ்சம் இறக்கிப் பேசினேன்:
"அரிசி மில்லில்தான் வேலை."

அவள் சிரித்தாள்.
சிரிப்புக்கு அடியில், மெல்லிசாக,
ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லலாமா என்று யோசித்தேன்.
"உங்கள் ஒயர் என்ன தடிமன்?" என்று கேட்டேன்.